இரண்டு மாத்திரைகளும் பெயர் எழுதாத சீட்டும்

வாரந்தோறும் லின்ஃபீல்ட் மண்டபத்தில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களே, உங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் இந்தச் சாட்சியை ஆரம்பிக்க வேண்டும். எட்டு மாதம் உங்களை ஏமாற்றினேன். நீங்கள் கண்ணீரோடு எனக்காக ஜெபித்தீர்கள். யாருக்காகவோ ஜெபிக்கிறீர்கள் என்பதுபோல நானும் கூடவே ஆமென் சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

2013 அக்டோபரில் ஆரம்பித்தது. ஆக்லாந்தில், ஹென்டர்சன் பகுதியில் அலுமினிய ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றபடியே தூங்கிவிடுகிற அளவுக்குக் களைப்பு. வயதாகிறது, ஐம்பத்து மூன்று என்ன சின்ன வயதா என்று நினைத்தேன். என் மனைவி புஷ்பம் விடாமல் நச்சரித்ததால் இரத்தம் கொடுத்தேன். மறுநாளே ஃபோன் வந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள்.

இரத்தப் புற்றுநோய்.

டாக்டர் நல்லவர், பொறுமையாகச் சொன்னார். இது மெதுவாக நகர்கிற வகை. தலைமுடி கொட்டுகிற அந்தப் பழைய சிகிச்சை வேண்டாம். இந்த நோயின் வேரை மட்டும் குறிபார்த்து அடிக்கிற மாத்திரை இருக்கிறது, இமாட்டினிப் என்று பெயர், தினமும் ஒன்று சாப்பிட்டால் பல வருடம் வாழலாம் என்றார். அதோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். இந்த மாத்திரை வேறு சில மருந்துகளோடு சேராது. புதிதாக எதைச் சாப்பிடுவதாக இருந்தாலும், அது நாட்டு மருந்தாகவே இருந்தாலும், எங்களைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார். தலையைத் தலையை ஆட்டினேன். புஷ்பம் அழுதுகொண்டிருந்ததால் அவளும் கேட்கவில்லை. நானும் கேட்ட மாதிரி இல்லை.

காரில் வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் பேசியது வியாதியைப் பற்றி அல்ல. எங்கள் மகள் ஜெனியைப் பற்றி.

அப்போதுதான் அவளுக்கு ஒரு வரன் அமைந்து வந்தது. பையன் வீட்டார் நாகர்கோவில்காரர்கள், எங்கள் ஊர்ப்பக்கம். இங்கே வெஸ்ட்கேட்டில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், இதே சபைக்குத்தான் வருகிறார்கள். நல்ல குடும்பம். அவர்கள் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

“வெளியே தெரிஞ்சா கேன்சர் குடும்பம்னு சொல்லிடுவாங்கங்க,” என்றாள் புஷ்பம். “பிள்ளைக்கும் வரும்னு நினைப்பாங்க. கல்யாணம் முடியட்டும். அது வரைக்கும் ஜெனிக்கும் தெரிய வேண்டாம்.”

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இது பரம்பரையாக வருமா வராதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வரும் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். மாத்திரை அட்டைகளை ரவை டப்பாவுக்குள் ஒளித்து வைத்தோம். ஜெனி உப்புமா பக்கமே போக மாட்டாள்.

நம் சபையில் விண்ணப்பச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற வழக்கம் இருக்கிறதல்லவா? அந்த ஞாயிறு நானும் எழுதிப் போட்டேன். “பெயர் வேண்டாம். ஒரு குடும்பத்தின் மறைவான பாரத்துக்காக.” போதகர் அதை வாசித்தார். சபையே எழுந்து நின்று ஜெபித்தது. என் பக்கத்தில் நின்ற ஜெனி கண்ணை இறுக மூடிக்கொண்டு, “கர்த்தாவே, அந்தக் குடும்பத்தைப் பாதுகாரும்” என்றாள். எட்டு மாதமும் ஒரு வாரம் விடாமல் அந்தச் சீட்டை எழுதினேன்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. இரத்தப் பரிசோதனைக் கணக்குகள் இறங்கின. டாக்டருக்குச் சந்தோஷம். கர்த்தர் செய்தார் என்று நாங்களும் ஸ்தோத்திரம் சொன்னோம். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் போதும். ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

2014 ஏப்ரலில் பையனின் சொந்தக்காரர்களைப் பார்க்க நாகர்கோவில் போனோம். ஊருக்குப் போனால் நம் ஆட்கள் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். பல் கட்டிக்கொண்டேன், கண்ணாடி மாற்றினேன், உடம்பு முழுக்க பரிசோதனை செய்துகொண்டேன். கொழுப்பு அதிகம் என்று வந்தது. அங்கிருந்த டாக்டர் கேட்டார்.

“வேற ஏதாவது மாத்திரை எடுக்கியளா அண்ணாச்சி?”

அறைக்கு வெளியே பையனின் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். என்னைக் கூட்டி வந்ததே அவர்தான். கதவும் பாதி திறந்திருந்தது.

“ஒண்ணும் இல்ல டாக்டர்,” என்றேன்.

அவர் சிம்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார். உலகத்தில் கோடிப் பேர் சாப்பிடுகிற மாத்திரை. அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் மேலும் இல்லை. ஆறு மாதத்துக்கு வாங்கி, முறுக்குப் பொட்டலத்துக்கும் கருவாட்டுக்கும் நடுவில் பெட்டியில் அடுக்கி எடுத்து வந்தேன். நம்மில் எத்தனை பேர் பெட்டியில் இப்படி மருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாயங்காலச் சாப்பாட்டோடு புற்றுநோய் மாத்திரை, படுக்கும் முன் கொழுப்பு மாத்திரை. இரண்டும் ஒரே ரவை டப்பாவில்.

மே மாதக் கடைசியில் தொடை வலிக்க ஆரம்பித்தது. முதலில் படி ஏறும்போது மட்டும். பிறகு காரிலிருந்து இறங்கும்போது. பிறகு சட்டை மாட்டக் கையைத் தூக்கும்போது. ஆக்லாந்து மழைதான் உங்களுக்குத் தெரியுமே, ஈரமும் குளிரும் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். குளிரால் வருகிறது என்று புஷ்பம் தைலம் தேய்த்தாள். தொட்டாலே உயிர் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மாதப் பரிசோதனைக்குப் போனபோது வலிக்கிறது என்று சொல்லத்தான் செய்தேன். இமாட்டினிப் சாப்பிடுகிறவர்களுக்குத் தசைப் பிடிப்பு வருவதுண்டு என்றார் டாக்டர். உடனே அடுத்த கேள்வி கேட்டார். புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? நோ டாக்டர் என்றேன். எதற்காக அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எச்சரித்தும் கேட்காமல் சாப்பிட்டுவிட்டேனே, திட்டுவாரே என்கிற வெட்கம்தான். பள்ளிக்கூடப் பையன் மாதிரி. ஒரு பொய் சொன்னவனுக்கு அடுத்தது தானாக வந்துவிடுகிறது. அங்கே ஒன்றை மறைத்தேன், இங்கே ஒன்றை மறைத்தேன். இரண்டு மருந்தும் எனக்குள்ளே சந்தித்துக்கொண்டது இரண்டு டாக்டருக்கும் தெரியாது.

வலி கூடக்கூட எனக்கு வேறு எண்ணம் வந்தது. நல்ல காரியம் நடக்கப்போகிறது, சாத்தான் என்கிற சத்துரு தடுக்கப் பார்க்கிறான். ஜூன் மூன்றாம் ஞாயிறு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். ஆராதனை முடிந்ததும் அதே மண்டபத்தில். அதற்கு முந்தின மூன்று நாளும் உபவாசம் இருப்பது என்று தீர்மானித்தேன், தண்ணீர்கூட இல்லாமல். மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்கு. போதகர் ஃபோனில், “பிரதர், தண்ணியாவது குடிங்க, ஆண்டவர் அதைத் தப்பா நினைக்க மாட்டார்,” என்றார். அவருக்கு என் உடம்பைப் பற்றி எதுவுமே தெரியாது, இருந்தும் சரியாகச் சொன்னார். எனக்குத்தான் பிடிவாதம்.

வியாழன் பகல் போனது. சாயங்காலம் வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை வாந்தியாக வந்தது. வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அறையில் படுத்துக்கொண்டேன். ஜன்னலில் மழை வழிந்துகொண்டே இருந்தது. மதியம் கழிவறைக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது.

இரண்டு முறை ஃப்ளஷ் இழுத்துவிட்டேன், புஷ்பம் பார்த்துவிடக்கூடாது என்று. உபவாசத்தில் உள்ளே கிடந்த விஷமெல்லாம் வெளியே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை கடுங்காப்பி நிறம். அளவும் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஒரு சொட்டும் வரவில்லை. அப்போது பயம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, முழங்கால் போட முடியாமல், உட்கார்ந்த இடத்திலேயே ஜெபித்தேன். “ஆண்டவரே, யாருக்கும் தெரியாமலே இதை நடத்திக் கொடும். நாளைக்கு ஒரு நாள் என்னை நிற்க வையும்.”

ஞாயிறு. புஷ்பம் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். என் முகம் வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, “உபவாசத்தை முடிச்சிடுங்க,” என்று தண்ணீர் நீட்டினாள். நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றேன். மண்டப வாசலில் மூன்று படி. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக ஏறினேன். பின்னால் வந்த பையனின் அப்பா, “என்ன சம்பந்தி, இப்பவே மாமனார் நடையா?” என்று கேலி செய்தார். சிரித்து வைத்தேன்.

ஆராதனையில் முழங்கால் ஜெபம் வந்தது. எல்லாரோடும் நானும் முழங்காலிட்டேன். விழுந்தேன் என்றே சொல்ல வேண்டும். போதகர் அன்றைய சீட்டுகளை வாசித்தார். அதில் என் சீட்டும் இருந்தது. நீங்கள் எல்லாரும் ஜெபித்து எழுந்தீர்கள். நான் எழவில்லை. தொடைக்கு எழு என்று சொல்கிறேன், அது என் தொடையாகவே இல்லை. கையை ஊன்றினேன், கையும் மடங்கியது.

அடுத்த பாட்டு ஆரம்பமானது. பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்மேல் இறங்கியிருக்கிறது என்று நினைத்தீர்கள். யாரோ தோளில் கை வைத்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார்கள். கைதட்டல் பலமானது. நூறு பேர் நடுவில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், நான் செத்துக்கொண்டிருக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று அப்போது புரிந்தது. நான் கேட்டதும் அதுதானே. யாருக்கும் தெரியக்கூடாது என்று.

அப்போது ஒருவர் வந்து பக்கத்தில் முழங்காலிட்டார். மலேசியாவிலிருந்து வந்த நம் ஸ்டெல்லா சிஸ்டர். மருந்தகத்தில் வேலை செய்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஜெபிக்க வரவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

“பிரதர், எழுந்திரிக்க முடியலையா?”

“உபவாசம் சிஸ்டர். பலவீனம்.”

அவர் கேட்காமலே என் தொடையை அழுத்தினார். நான் அலறியது பாட்டில் அமுங்கிப்போனது.

“ஒண்ணுக்கு என்ன கலர்ல போவுது? வெக்கப்படாம சொல்லுங்க.”

நான் புஷ்பத்தைத் தேடினேன்.

“கறுப்பாவா? கோலா மாதிரியா? என்ன மருந்து சாப்புடுறீங்க பிரதர்?”

இரண்டு வரிசை தள்ளிப் பையனின் அப்பா நின்றார். திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் புஷ்பம். அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். இந்தப் பக்கம் ஜெனி, புது வளையல்களோடு, என்ன ஆயிற்று என்று குனிந்தாள்.

“ஒண்ணும் சாப்பிடல,” என்றேன்.

“மருந்து விஷயத்துல பொய் சொல்றவங்கள நான் தெனம் பார்க்குறேன் பிரதர்,” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். குரலை உயர்த்தவே இல்லை. “இப்ப நீங்க சொன்னது பொய்யா இருந்தா, சாயங்காலத்துக்குள்ள உங்க கிட்னி போயிரும் லா. அப்புறம் சொல்றதுக்கு நீங்க இருக்க மாட்டீங்க.”

கேளுங்கள், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். என் வாயைத் திறந்தது நான் அல்ல. எட்டு மாதம் பூட்டி, சாவியையும் தூக்கிப் போட்ட வாய் அது. பாட்டு அந்த நேரம் பார்த்து நின்றது. அந்த அமைதியில் என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“எனக்கு இரத்தப் புற்றுநோய். அதுக்கு இமாட்டினிப். ஊர்ல கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் குடுத்தாங்க. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடுறேன். யாருக்கும் சொல்லல.”

ஸ்டெல்லா சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். “ஆம்புலன்ஸைக் கூப்புடுங்க,” என்றார். “யாராச்சும் தண்ணி குடுங்க அவருக்கு.”

ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். கொழுப்பு மாத்திரையை உடம்பு எந்த வழியாகக் கரைத்து வெளியே தள்ளுமோ, அந்த வழியை இமாட்டினிப் அடைத்துவிடும். தள்ள முடியாததால் தினம் தினம் அது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. சேர்ந்து தசையைச் சிதைத்திருக்கிறது. சிதைந்த தசையெல்லாம் போய் அடைத்தது சிறுநீரகத்தை. தண்ணீர் குடித்திருந்தாலாவது கொஞ்சம் கழுவிப் போயிருக்கும். நான் மூன்று நாள் அதையும் நிறுத்தி வைத்தேன். சத்துரு என்று நான் சொன்னது என் கையால் நானே ரவை டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டது.

இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். இரண்டு கையிலும் குழாய் போட்டு நீர் ஏற்றினார்கள். கட்டிலின் ஓரத்தில் சிறுநீர் சேர்கிற ஒரு பை தொங்கியது. அதன் அடியில் விரல் கனத்துக்குக் கறுப்பாகக் கொஞ்சம். சிறுநீர் பெருகாவிட்டால் நாளைக்கு டயாலிசிஸ், அதற்குப் பிறகு எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். புஷ்பம் பட்டுச் சேலையோடு அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

ஜெனி வந்தாள். வளையல்களைக் கழற்றியிருந்தாள். கோபத்தில் அவளுக்குத் தமிழ் வராது, இங்கே பிறந்த பிள்ளை. அன்றைக்குத் தட்டுத் தடுமாறித் தமிழிலேயே கேட்டாள்.

“டாட், அந்தப் பேரில்லாத ஃபேமிலிக்காக நான் எவ்ரி வீக் ப்ரே பண்ணேன். வீட்லகூடப் பண்ணேன். அது நாமளா?”

“ஆமா மக்ளே.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாப் பண்ணிருப்பேனே,” என்றாள். அப்புறம் உடைந்துபோய் அழுதாள். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

நான் எட்டு மாதம் கேட்கப் பயந்த கேள்வியை அவள் அங்கேயே டாக்டரிடம் கேட்டாள். அவர் சாதாரணமாகச் சொன்னார். இல்லை, இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வியாதி அல்ல. அவ்வளவுதான். ஒரு கேள்வி, ஒரு பதில், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அன்று மாலை நீங்கள் மண்டபத்தைவிட்டுப் போகவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நிச்சயதார்த்தத்துக்குச் செய்த பிரியாணி ஆறிக் கிடக்க, என் பெயரைச் சொல்லி ஜெபித்தீர்களாம். முதல்முறையாக என் பெயரைச் சொல்லி.

திங்கள் காலை பையில் இருந்தது பழுப்பு நிறம். ஆனால் பாதிப் பை இருந்தது. செவ்வாய் டீ நிறம். டாக்டர் இரத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை வைக்கோல் நிறம். புஷ்பம் அந்தப் பையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள், நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தார். மூத்திரப் பையைப் பார்த்துக் கடவுளைத் துதித்த குடும்பம் எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

பையனின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து ஜெபித்தார், நிஜமான கண்ணீரோடு. இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்து, கொஞ்ச நாள் போகட்டுமே என்றார். எனக்குப் புரிந்தது. நான் பயந்த காரியம் அப்படியே நடந்தது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் மறைத்தோம், அவர் பயந்தார். ஜெனிதான், “மறைச்சுப் போய் அங்க வாழ்ந்திருந்தா நான் டெய்லி பயந்துட்டே இருந்திருப்பேன் டாட்,” என்றாள். அவளுக்குக் கர்த்தர் வேறு வழி வைத்திருக்கிறார், நாங்கள் அவசரப்படவில்லை.

நான் எழுந்து நடக்கக் குளிர்காலம் முழுக்க ஆனது. அதன் பிறகு டாக்டர்கள் கலந்து பேசி இமாட்டினிப்பைத் திரும்ப ஆரம்பித்தார்கள். கொழுப்புக்கு அந்த அடைபட்ட வழியில் போகாத வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் தசையையும் சிறுநீரகத்தையும் பார்த்தார்கள். இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன. டப்பாவும் மாறிவிட்டது. அடுப்படி மேசையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து எந்த மருந்து வந்தாலும் முதலில் ஸ்டெல்லா சிஸ்டருக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். அவருக்குச் சலித்தே போயிருக்கும்.

நான் கேட்டது யாருக்கும் தெரியக்கூடாது என்று. நீங்கள் கேட்டது அந்தக் குடும்பத்தைப் பாதுகாரும் என்று. கர்த்தர் என் ஜெபத்தைத் தள்ளிவிட்டு உங்கள் ஜெபத்தைக் கேட்டார். தள்ளாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

இன்றைக்கும் பெட்டியில் பெயர் எழுதாத சீட்டுகள் விழுகின்றன. போதகர் வாசிக்கும்போதெல்லாம் நான் சுற்றிலும் பார்க்கிறேன். இந்த மண்டபத்தில் யாரோ ஒருவர் தன் சீட்டுக்குத் தானே ஆமென் சொல்லிக்கொண்டு நிற்கிறார். அது நீங்களாக இருந்தால், தயவுசெய்து, டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள், பெயரோடு ஜெபிக்க விடுங்கள். கர்த்தரை நம்புகிறவர்கள் அவருடைய ஜனங்களையும் கொஞ்சம் நம்பலாம்.

வருகிற ஞாயிறு நான் போடப்போகிற சீட்டை இங்கேயே எழுதிவிடுகிறேன்:

செல்வராஜ், ஹென்டர்சன். இரத்தப் புற்றுநோய். கொழுப்பும் உண்டு. எனக்காக ஜெபியுங்கள்.